சிட்னியில் தங்கையின் வாக்குச்சீட்டு: 1 மட்டும் போட்டால் போதுமா, எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டுமா?

தல்லாகுளத்தான் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். என் தங்கை திருமணமாகி சிட்னிக்குச் சென்று பத்து ஆண்டுகள் ஆகின்றன. அங்கே டூங்காபி என்ற பகுதியில் குடியிருக்கிறாள். அண்மையில் அவளுக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்தது. 2027 மார்ச் மாதம் நடக்க இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் அவள் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறாள். அங்கே வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம் என்பதால், தகுந்த காரணமின்றிப் போகாமல் இருந்தால் 55 டாலர் அபராதம் கட்ட வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, "அண்ணே, நம்ம ஊர்ல சின்னத்துக்கு நேரா இருக்குற பொத்தானை அமுக்குனா முடிஞ்சுபோச்சு, இங்க என்னமோ பரீட்சை எழுதற மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொண்டாள். வேட்பாளர்களின் பெயருக்கு நேராக 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் எழுத வேண்டுமாம். அவள் கணவர், 1 மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும் என்கிறார். உடன் வேலை பார்க்கும் பெண்மணியோ, ஒரு கட்டம் விட்டுப்போனாலும் ஓட்டு செல்லாது என்று அடித்துச் சொல்கிறாராம். இதற்கு நடுவில் மெல்போர்னில் இருக்கும் எங்கள் சித்தி மகன், "நீ எந்தக் கட்சிக்குப் போட்டாலும், அந்தக் கட்சி பேரம் பேசி உன் ஓட்டை இன்னொரு கட்சிக்குத் தள்ளிவிட்டுவிடும்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறான். தங்கைக்கு ஒரு கட்சியை அறவே பிடிக்காது. தன் வாக்கு சுற்றி வளைத்து அவர்கள் கணக்கிலேயே போய் விழுந்துவிடுமோ என்பதுதான் அவளுடைய பெரிய கவலை.

யாருக்குப் போடலாம் என்று இங்கே நான் கேட்கவில்லை. இந்த மூவரில் யார் சொல்வது சரி, கட்சிகளின் விருப்ப வரிசை என்பது உண்மையில் என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

திருநகர்_வைகை (மறுமொழி 1)

ஐயா, நான் சிட்னியில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு, பெற்றோருக்காக மதுரைக்கே திரும்பி வந்தவன். அங்கே இருந்த காலத்தில் தேர்தல் நாளில் கூலிக்கு வாக்கு எண்ணும் வேலையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் மூவரும் சொல்வது சரிதான். மூவரும் வெவ்வேறு தேர்தல்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அதுதான் குழப்பத்துக்குக் காரணம். உடன் வேலை பார்க்கும் பெண்மணி சொல்வது ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலுக்குப் பொருந்தும். அங்கே எல்லாக் கட்டங்களையும் நிரப்பியே ஆக வேண்டும். விக்டோரியா, குயின்ஸ்லாந்து மாநிலங்களின் கீழவைத் தேர்தலிலும் அப்படித்தான். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில், 93 தொகுதிகள் கொண்ட கீழவைக்கு 1 என்று ஒரு கட்டத்தில் எழுதினாலே வாக்கு செல்லும். அதற்கு மேல் 2, 3 என்று தொடர்வதும் தொடராததும் வாக்காளரின் விருப்பம். இந்த முறை அங்கே 1981 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை சொல்வதும் சரி. சித்தி மகன் சொல்வதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

1 மட்டும் எழுதினால் செல்லும் என்பது வேறு, அதோடு நிறுத்திக்கொள்வதால் என்ன நடக்கிறது என்பது வேறு. இதை ஒரு கணக்காகப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு தொகுதியில் 1000 வாக்குகள் பதிவாகியிருப்பதாகவும், அ, ஆ, இ, ஈ என நால்வர் நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் விருப்பத்தில் அ 420, ஆ 360, இ 130, ஈ 90 பெறுகிறார்கள். நம் ஊராக இருந்தால் அ வென்றுவிட்டார் என்று அப்போதே வெடி போட்டிருப்பார்கள். அங்கே யாரும் பாதியைத் தாண்டவில்லை என்பதால், கடைசியில் இருக்கும் ஈ நீக்கப்பட்டு, அவருடைய 90 சீட்டுகளிலும் 2 யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதில் 50 சீட்டுகள் இ-க்கும், 20 சீட்டுகள் ஆ-வுக்கும் போகின்றன. மீதி 20 சீட்டுகளில் 1 மட்டுமே இருப்பதால், அவை மேற்கொண்டு எங்கும் போகாமல் முடங்கிவிடுகின்றன. இப்போது இ-யிடம் 180 சீட்டுகள் இருந்தும் அவரே கடைசி என்பதால், அடுத்து அவரும் நீக்கப்படுகிறார். அவற்றில் 105 ஆ-வுக்கும், 25 அ-வுக்கும் சேர, 50 முடங்குகின்றன. முடிவில் ஆ 485, அ 445. ஆ வெற்றி பெறுகிறார். வித்தியாசம் 40, முடங்கிய சீட்டுகள் 70. அந்த எழுபது பேரும் அ, ஆ இருவரில் ஒருவரை மற்றவரைவிடத் தேவலை என்று நினைத்திருக்கக்கூடும். ஆனால் கடைசிச் சுற்றில் அவர்களுடைய சீட்டு மேசையில் இல்லை.

இது ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். 2016 தமிழகத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள் என்பது நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2023 மார்ச் 25 அன்று நடந்த நியூ சவுத் வேல்ஸ் தேர்தலில், சிட்னியின் ரைட் தொகுதியும் மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஐம்பத்துச் சொச்சம் வாக்குகளில்தான் முடிவானது. அந்தத் தேர்தலில் தொழிற்கட்சி 45 இடங்களைப் பெற்று, பெரும்பான்மைக்குத் தேவையான 47-க்கு இரண்டு குறைவாகவே ஆட்சி அமைத்தது. ஒரு தொகுதியின் ஐம்பது வாக்குகள் எவ்வளவு கனமானவை என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நான் எண்ணிய இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் கூடம். மாலை 6 மணிக்குக் கதவை அடைத்ததும் பெட்டியை மேசைமீது கவிழ்த்து, மடிந்திருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாக நீவி, முதல் விருப்பத்தின்படி அடுக்குவோம். அது முடிந்ததும், கடைசிவரை நிற்பார்கள் என்று முன்கூட்டியே கணித்த இருவருக்கிடையே மற்றவர்களுடைய சீட்டுகளைப் பிரித்துப் பார்ப்போம். அப்போது மூன்றாவதாக ஓர் அடுக்கு வளரும். அதுதான் முடங்கிய சீட்டுகளின் அடுக்கு. பென்சிலால் அழகாக 1 என்று மட்டும் எழுதி, மற்றக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும் சீட்டுகள். கட்டுக்கட்டாக ரப்பர் வளையம் போட்டு ஓரமாக வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. எழுதியவர்களுக்கு அது தெரிந்தே செய்ததா, தெரியாமல் செய்ததா என்று அந்தச் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போது சித்தி மகனின் குண்டுக்கு வருகிறேன். கட்சி தன் விருப்பப்படி வாக்கை நகர்த்தும் முறை உண்மையிலேயே இருந்தது. விக்டோரியாவின் மேலவைக்கு 2022-இல் நடந்த தேர்தலில்கூட, வாக்குச்சீட்டின் குறுக்கே போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே ஒரு கட்சியின் கட்டத்தில் 1 என்று எழுதினால், அந்த வாக்கு அடுத்து யார் யாருக்குப் போக வேண்டும் என்பதை அந்தக் கட்சி முன்னதாகவே தாக்கல் செய்திருந்த பட்டியல்தான் தீர்மானித்தது. மெல்போர்ன்காரர் அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார். நியூ சவுத் வேல்ஸிலும் அது ஒரு காலத்தில் இருந்தது. 1999-இல் மேலவைக்கு 264 பேர் போட்டியிட்டதில் வாக்குச்சீட்டு மேசைவிரிப்பு அளவுக்குப் பெரிதாகி, அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்தத் தேர்தலில், முதல் விருப்பத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதம் மட்டுமே பெற்ற ஒரு சிறு கட்சி வேட்பாளர், கட்சிகளுக்கிடையே நடந்த பட்டியல் பேரத்தால் உறுப்பினரானார். அதன் பிறகு சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியல் முறையை ஒழித்துவிட்டார்கள். இன்று அங்கே கட்சிகளால் யாருடைய வாக்கையும் நகர்த்த முடியாது. தங்கை தன் கையால் எழுதாத எண் எதுவும் அவருடைய சீட்டில் உயிர் பெறாது.

உசிலை வாத்தியார் (மறுமொழி 2)

தம்பி திருநகர் அழகாக விளக்கியிருக்கிறார். ஆனால் இந்த முறை ஏதோ கடல் கடந்த அதிசயம் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நானே இப்படி எண் எழுதி வாக்களித்திருக்கிறேன், அதுவும் இதே மதுரைச் சீமையில்.

1986 நவம்பர் 1-ஆம் தேதி கலைக்கப்படும்வரை தமிழ்நாட்டில் சட்ட மேலவை இருந்தது. அதில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித் தொகுதிகள் உண்டு. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அந்த வாக்கு இருந்தது. வாக்குச்சீட்டில் பெயருக்கு எதிரே 1 எழுதுவது கட்டாயம், 2, 3 எழுதுவது நம் விருப்பம். நியூ சவுத் வேல்ஸ் கீழவைக்குச் சொல்லப்படும் விதியும் கிட்டத்தட்ட இதுவே. எண்ணை எண்ணால்தான் எழுத வேண்டும், "ஒன்று" என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர், இந்திய மொழி எண்களையும் விதி அனுமதிக்கிறது என்பதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு, '௧' என்றுதான் எழுதினேன் என்று பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் எழுதியதை யார் கண்டது.

இரண்டாவது விருப்பத்தின் வலிமை எனக்குப் புரிந்தது அதற்கும் முன்னால், 1969-இல். குடியரசுத் தலைவர் தேர்தலில் வி. வி. கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் மோதினார்கள், சி. டி. தேஷ்முக் மூன்றாவதாக நின்றார். அப்போது நான் கல்லூரி மாணவன். தேநீர்க்கடை வானொலியில் செய்தி கேட்கக் கூட்டம் கூடிவிட்டது. முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. கிரி முந்தியிருந்தும் போதவில்லை. இரண்டாவது விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகுதான் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்று முடிவானது. தேஷ்முக்குக்கு 1 போட்டவர்களில் பெரும்பாலோர் 2 யாருக்குப் போட்டிருந்தார்கள் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். ரெட்டி வெகுவாக நெருங்கிவிட்டார். அந்த இரண்டாம் விருப்பங்கள் இன்னும் சற்று அதிகமாக அவர் பக்கம் சாய்ந்திருந்தால் வரலாறு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எனவே அந்தப் பெண்ணிடம், 2 என்பது உதிரி எண் அல்ல என்று சொல்லுங்கள். அதே நேரத்தில், 2 எழுதுவதால் 1-க்குக் கெடுதல் வந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். முதல் விருப்பக்காரர் களத்தில் இருக்கும்வரை இரண்டாவது எண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

மாட்டுத்தாவணி (மறுமொழி 3)

மேலே இருவரும் எல்லா எண்ணையும் எழுதுவதே புத்திசாலித்தனம் என்ற தொனியில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எனக்குப் பிடித்த கட்சி ஒன்று இருக்கிறது, மற்ற இரண்டும் எனக்குக் கொள்ளிக்கட்டைகள் என்றால், எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நான் ஏன் வரிசைப்படுத்த வேண்டும்? சட்டம் 1-இல் நிறுத்த அனுமதிக்கிறது என்றால், அந்த வெற்றுக் கட்டங்களும் என்னுடைய கருத்துதான். அங்குள்ள கட்சிகளே "1 மட்டும் போடுங்கள்" என்று துண்டுச்சீட்டு கொடுப்பதாகவும் படித்திருக்கிறேன்.

திருநகர்_வைகை (மறுமொழி 4)

உங்கள் நிலைப்பாட்டை நான் மறுக்கவில்லை. இருவரையும் ஒரே தராசில் வைப்பவர் 1-இல் நிறுத்துவது நேர்மையான முடிவு. தல்லாகுளம் நண்பரின் தங்கை அப்படிச் சொல்லவில்லை. ஒரு கட்சி வரவே கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம். அப்படிப்பட்டவர் 1-ஐச் சிறு கட்சி ஒன்றுக்குப் போட்டுவிட்டு நிறுத்தினால், அந்தச் சிறு கட்சி நீக்கப்பட்ட பிறகு, தாம் வெறுக்கும் கட்சிக்கு எதிராக அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அவர் அந்தக் கட்சியைக் கடைசியில் வைத்தோ, அதற்கு மட்டும் எண் போடாமல் விட்டோ, மற்றவர்களுக்கெல்லாம் வரிசை எழுதுவதுதான் அவருடைய நோக்கத்துக்குப் பொருந்தும்.

கட்சிகள் "1 மட்டும்" என்று கேட்பதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. அது வாக்காளருக்காகப் போட்ட கணக்கு அல்ல. 2001-இல் குயின்ஸ்லாந்தில் பீட்டர் பீட்டியின் தொழிற்கட்சி இந்த முழக்கத்தோடு களமிறங்கியது. எதிர்த்தரப்பு பல துண்டுகளாகச் சிதறிக்கிடந்த நேரம் அது. அவர்களுடைய வாக்காளர்கள் 2 எழுதாமல் விட்டால் வாக்குகள் ஒன்றுசேராது என்பதுதான் உத்தி, அது பலித்தது. ஆனால் மக்கள் அந்தப் பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, பின்னாளில் தொழிற்கட்சிக்கு வந்துசேர வேண்டிய பசுமைக் கட்சியினரின் இரண்டாம் விருப்பங்களும் முடங்கத் தொடங்கின. 2016-இல் அதே கட்சியின் ஆட்சிதான் எல்லாக் கட்டங்களையும் நிரப்புவதை அங்கே மீண்டும் கட்டாயமாக்கியது. தனக்கு வைத்த கண்ணியைத் தானே அவிழ்த்த கதை.

நம் ஊர்ப் பழக்கத்தோடு ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். மதுரை மாவட்டத்தில் பத்துச் சட்டமன்றத் தொகுதிகள். மேலூரில் யார், சோழவந்தானில் யார் என்று கூட்டணித் தலைவர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்த பிறகு, தன் கட்சிக்கு இடம் கிடைக்காத தொகுதியின் தொண்டர், இதுவரை கைவைக்காத சின்னத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது. வாக்கு மாற்றம் ஒழுங்காக நடந்ததா இல்லையா என்பதை முடிவு வந்த பிறகு ஊகிக்கத்தான் முடியும். அங்கே தொழிற்கட்சியும் பசுமைக் கட்சியும் ஒரே தொகுதியில் தனித்தனியே நிற்கும். அவற்றை ஆதரிப்பவர் தன் கட்சிக்கு 1, அடுத்ததற்கு 2 என்று கூட்டணியைத் தன் சீட்டிலேயே அமைத்துக்கொள்கிறார். தலைவர்கள் என்ன பேசினார்கள் என்பது அவரைக் கட்டுப்படுத்தாது.

தல்லாகுளத்தான் (கேட்டவர்)

மிக்க நன்றி. நேற்றிரவு இவற்றையெல்லாம் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். வாத்தியார் ஐயா '௧' எழுதியவரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அவளுக்கு இன்னும் இரண்டு ஐயங்கள். வாக்குச்சாவடி வாசலில் ஒவ்வொரு கட்சிக்காரரும் எப்படி எண் போட வேண்டும் என்று அச்சடித்த துண்டுச்சீட்டைக் கையில் திணிப்பார்களாமே, அதை எவ்வளவு நம்பலாம்? மேலவைக்கு வேறு சீட்டு உண்டா?

திருநகர்_வைகை (மறுமொழி 5)

அந்தத் துண்டுச்சீட்டு கட்சியின் கோரிக்கை மட்டுமே. அதன்படி எழுதலாம், மாற்றியும் எழுதலாம், வாங்காமலும் போகலாம். ஆனால் ஒரு கட்சியின் மனப்போக்கை அறிய அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. மேடையில் இன்னாரோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முழங்குகிறவர்கள், துண்டுச்சீட்டில் அவர்களுக்கே 2 கேட்டிருப்பார்கள். வேறு சிலர் யாருக்கும் 2 கேட்காமல் நழுவியிருப்பார்கள். எனவே தங்கை ஒரு கட்சியின் சீட்டை மட்டும் வாங்காமல் எல்லாவற்றையும் வாங்கி, யார் யாரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. வாக்குப்பதிவு நாளில் கொடுக்கும் சீட்டுகளைக் கட்சிகள் அங்குள்ள மாநிலத் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சாவடி வாசலிலிருந்து ஆறு மீட்டருக்குள் நின்று கொடுக்கவும் கூடாது. பெரும்பாலும் பக்கத்திலேயே பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்பார்கள். சைவமாக இருந்தால் வெங்காயம் வதக்கியதை மட்டும் வைத்துக் கேட்கலாம், நான் அப்படித்தான் சமாளித்தேன்.

மேலவைக்குத் தனிச் சீட்டு உண்டு, அளவில் மிகப் பெரியது. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. 42 உறுப்பினர்களில் ஒவ்வொரு தேர்தலிலும் 21 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏறத்தாழ 4.55 சதவீத வாக்கு கிடைத்தால் ஓர் இடம். கோட்டுக்கு மேலே ஒரு குழுவின் கட்டத்தில் 1 எழுதினாலே செல்லும், 2, 3 என்று அடுத்த குழுக்களுக்கும் தொடரலாம். கோட்டுக்குக் கீழே தனித்தனி ஆட்களுக்கு எழுதுவதாக இருந்தால் குறைந்தது 15 பேருக்கு எண் எழுதியாக வேண்டும். புதிதாக வாக்களிப்பவர் மேலே எழுதுவதுதான் வசதி. இரண்டு சீட்டுகளின் விதிகளையும் கலந்துவிடாமல் இருந்தால் சரி.

உசிலை வாத்தியார் (மறுமொழி 6)

ஒரு சின்ன விஷயம் தம்பி. முப்பது ஆண்டுகள் தேர்தல் பணி பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பதற்றத்தில் ஒரே எண்ணை இரண்டு கட்டத்தில் எழுதிவிடுவது சகஜம். அங்கே அப்படி நேர்ந்தால் என்ன வழி?

திருநகர்_வைகை (மறுமொழி 7)

கீழவைச் சீட்டில் 1 ஒரே ஓர் இடத்தில் தெளிவாக இருந்தால் வாக்கு செல்லும் ஐயா. 2 இரண்டு இடத்தில் இருந்தால், அந்த இடத்தோடு வரிசை அறுந்து சீட்டு முடங்கிவிடும். பெட்டியில் போடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் அடித்துத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் சீட்டை அலுவலரிடம் திருப்பிக் கொடுத்தால் வேறு புதிய சீட்டுத் தருவார்கள்.